துருக்கிக் கடலோர ஊர்களில் தனியாகச் சாப்பிடப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

துருக்கியின் ஏகியன், மத்தியதரைக் கடலோர ஊர்களில் சாப்பாட்டு மேசை நாலு பேரை நினைத்துப் போடப்படுவது. நடுவில் நிறையத் தட்டுகள், ஆளாளுக்குக் கை நீட்டி எடுத்துக்கொள்வார்கள். தனியாகப் போகிறவர் இதை யோசிக்காமல் உட்கார்ந்தால் பில் வரும்போதுதான் உறைக்கும்.

காலையிலேயே ஆரம்பித்துவிடும். ‘செர்ப்மே கஹ்வால்தி’ என்று பலகையில் கண்டதும் ஆசை வரும். ஆலிவ், நாலைந்து வகை பாலாடைக்கட்டி, தக்காளி, வெள்ளரி, தேன், கெட்டிப் பாலேடு, முட்டை என்று மேசையே மறைந்துபோகும். பல இடங்களில் இதைக் குறைந்தது இரண்டு பேருக்குத்தான் தருவார்கள். ஒற்றைத் தட்டுக் காலை உணவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கடை.

பெரிய செலவு மீனில்தான். மெனுவில் மீனுக்கு நேராக விலை இல்லையென்றால் அது எடைக்கு விற்பது. சமைக்கும் முன்பே, கண்ணெதிரே நிறுக்கச் சொல்லி, மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். அங்கே யாரும் இதைத் தவறாக நினைப்பதில்லை. இன்னொன்று: ஏப்ரல் நடுவிலிருந்து குறைந்தது ஆகஸ்ட் கடைசி வரை பெரிய இழுவலைப் படகுகளுக்குத் தடைக்காலம். கோடையில் தட்டுக்கு வரும் லெவ்ரெக் (சீ பாஸ்), சிபுரா (சீ பிரீம்) மீன்கள் பெரும்பாலும் பண்ணையில் வளர்த்தவை. ருசி மோசமில்லை, ஆனால் அதற்குக் கடல் மீன் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஃபெத்தியே போகிறவர்களுக்கு நல்ல வழி அங்குள்ள மீன் சந்தை. நடுவில் மீன் கடைகள், சுற்றிலும் உணவகங்கள். ஒரே ஒரு மீன் வாங்கி உணவகத்தில் கொடுத்தால், கூலி வாங்கிக்கொண்டு சமைத்துத் தருவார்கள்.

‘மெசே’ எனப்படும் சிறு தட்டுகளைப் பணியாளர் ஒரு பெரிய தாம்பாளத்தில் கொண்டுவந்து காட்டுவார். உபசாரம் என்று நினைத்து ஐந்தாறை எடுத்துவிடாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் காசு. அவற்றை அடுக்கி வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் இரண்டைத் தேர்ந்தெடுங்கள், போதும். அய்வாலிக், ஜுண்டா பக்கம் போனால் அந்த இரண்டில் ஒன்று கீரையாக இருக்கட்டும். 1923-இல் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே நடந்த மக்கள் பரிமாற்றத்தில் கிரீட் தீவு முஸ்லிம்கள் பலர் அங்கே குடியேறினார்கள். காட்டுக் கீரைகளை ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் சேர்த்து உண்ணும் பழக்கம் அந்த ஊர்களில் இன்றும் வலுவாக இருக்கிறது. என்னைக் கேட்டால், மீனைவிட இதற்காகவே அங்கே போகலாம்.

சைவர்கள் ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னதோடு நிம்மதியாகிவிடக் கூடாது. பருப்பு சூப்பை எலும்புச் சாறில் வேகவைத்திருக்கலாம், வெள்ளை பீன்ஸ் குழம்பில் இறைச்சித் துண்டு கிடக்கலாம். ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துப் பரிமாறும் ‘ஸெய்தின்யாலி’ காய்கறி வகைகளை நம்பி வாங்கலாம்.

கடலைப் பார்த்த மேசையிலேயே எல்லா வேளையும் சாப்பிடுவதும் வீண். ஒரு தெரு உள்ளே தள்ளி, கடைக்காரர்களும் தொழிலாளிகளும் சாப்பிடும் ‘எஸ்னாஃப் லொகாந்தா’ இருக்கும். பாத்திரங்கள் வரிசையாக இருக்கும், கை காட்டினால் போடுவார்கள், அரை அளவும் கேட்கலாம். தனி ஆளுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆனால் மத்தியானமே போய்விட வேண்டும், சாயங்காலம் பாத்திரம் காலி.

தெருவில் விற்கும் சோறடைத்த சிப்பியை வெயிலில் காய்ந்த தட்டிலிருந்து வாங்காதீர்கள். கூட்டம் மொய்க்கும் கடையில், இரவில் சாப்பிடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை சிறிய ஊர்களில் பாதிக் கடைகள் மூடிக் கிடக்கும். மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் நல்லது.

காஷ் ஊரின் எதிரே, படகில் அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில் மெயிஸ் தீவு தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு எட்டுப் போய் வரலாம் என்று தோன்றும். அது கிரேக்கம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். இந்தியர்களுக்குத் தரும் துருக்கி இ-விசாவோ ஒரே முறை நுழைவதற்கானது. அதில் வந்தவர் படகேறினால் அதே விசாவில் திரும்பி வர முடியாது.