பேஸ் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பெட்டியும்: வாங்கும்போதும் திருகும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் தடித்த ஈ தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் எழும் அடிப்படை அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி பேஸின் பி தந்தியில் அது 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர் பெட்டியையும் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த எண்களைத் தவறாகப் புரிந்துகொள்வதில்தான் தொடங்குகின்றன. பேஸ் என்றால் அடிவயிறு அதிர வேண்டும், ஆகவே எந்தப் பெட்டி ஆகக் கீழே இறங்குகிறதோ அதுவே சிறந்தது என்று முடிவுகட்டி, அந்த அடியோசையைத் துரத்துவதிலேயே பணத்தையும் முதுகெலும்பையும் தேய்த்துக்கொண்டவர்கள் ஏராளம். நானும் சில ஆண்டுகள் அப்படித் துரத்தியவன்தான்.

மேடைகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிற்கும் ஒரு பெட்டியையே எடுத்துக்கொள்வோம். ஆம்பெக் நிறுவனம் 1969இல் எஸ்விடி என்ற 300 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தபோது அதற்குத் துணையாக அமைந்தது, எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட, துளையில்லாத மூடிய பெட்டி. அதன் பிற்கால வடிவமான எஸ்விடி-810ஈயின் விவரக் குறிப்பைப் பார்த்தால், 58 ஹெர்ட்ஸிலேயே ஒலி 3 டெசிபல் குறைந்துவிடுகிறது. 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் குறைகிறது. அதாவது ஈ தந்தியின் அடிப்படை அதிர்வெண்ணை இந்தப் பெட்டி அரைகுறையாகத்தான் தருகிறது. ஆனாலும் கனமான பேஸ் ஒலிக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் சுட்டுவது இதைத்தான். காரணம் எளிது. ஈ தந்தி அதிரும்போது 41 ஹெர்ட்ஸ் மட்டும் எழுவதில்லை. 82, 123, 165 என்று மேற்சுரங்கள் வரிசையாக எழுகின்றன, தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்பிலிருந்து வரும் சமிக்ஞையில் 82 ஹெர்ட்ஸ் பல நேரங்களில் 41ஐ விட வலுவாகவே இருக்கிறது. மேற்சுரங்களைக் கேட்ட மூளை, அடிச்சுரம் மெலிந்திருந்தாலும் அது எந்தச் சுரம் என்பதைத் தானே நிரப்பிக்கொள்கிறது. நாம் ‘கனம்’ என்று சொல்வதன் பெரும்பகுதி 80 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் குடியிருக்கிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், கீழே வரும் தவறுகள் பலவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது விளங்கும்.

ஸ்பீக்கரின் அங்குலக் கணக்கை வைத்து ஒலியைத் தீர்மானிப்பது அவற்றில் முதலாவது. 15 அங்குலம் என்றால் ஆழம், 10 அங்குலம் என்றால் துல்லியம் என்ற வாய்ப்பாடு பரவலாக நம்பப்படுகிறது. ஆனால் நான்கு 10 அங்குலக் கூம்புகளின் மொத்தப் பரப்பு ஒரு 15 அங்குலக் கூம்பின் பரப்பை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம். ஒரு பெட்டி எவ்வளவு கீழே இறங்கும் என்பதை, ஸ்பீக்கரின் பண்புகள், பெட்டியின் உட்கொள்ளளவு, பெட்டியில் காற்று வெளியேற விடப்பட்ட துளை எந்த அதிர்வெண்ணுக்கு இசைவிக்கப்பட்டிருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. இந்தக் கணக்கை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் முறைப்படுத்திக் கொடுத்துவிட்டார்கள். சிறிய பெட்டி, ஆழமான ஒலி, குறைந்த மின்திறனில் அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெறலாம் என்பதும் ஹாஃப்மன் விதி என்ற பெயரில் ஸ்பீக்கர் வடிவமைப்பாளர்களிடையே நெடுநாளாக வழங்கி வருகிறது. ஒரு கையால் தூக்கிச் செல்லக்கூடிய பெட்டி ஆழமாகவும் முழங்குகிறது என்று விளம்பரம் சொன்னால், அதற்கான விலை ஆம்ப்ளிஃபயரின் வாட்டில் வசூலிக்கப்படுகிறது என்றே பொருள்.

வாட் விஷயத்தில் ஏமாறாதவர் குறைவு. மின்திறனை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் கூடுதல் சத்தம் 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் தேவை. ஆகவே 300 வாட்டைக் கொடுத்துவிட்டு 600 வாட்டை வாங்குபவர் மேடையில் உணரப்போகும் வேறுபாடு சொற்பம். அதே 3 டெசிபலை, உணர்திறன் (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எழும் சத்தம்) 97 டெசிபல் உள்ள பெட்டிக்குப் பதிலாக 100 டெசிபல் உள்ளதைத் தேர்ந்தெடுப்பதாலேயே பெற்றுவிடலாம். பலரும் வாட்டை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். தங்கள் பெட்டியின் உணர்திறனைக் கேட்டால் விழிக்கிறார்கள். இப்போதிருக்கும் பெட்டியைப் போலவே இன்னொன்றைச் சேர்ப்பது, புது ஆம்ப்ளிஃபயர் வாங்குவதை விடப் பெரும்பாலும் அதிகப் பலன் தரும். அத்துடன், முன்பலகையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எத்தனை ஓமுக்கானது (ஓம் என்பது பெட்டி மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) என்பதையும் பார்க்க வேண்டும். 4 ஓமில் 500 வாட் தரும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் 8 ஓம் பெட்டி ஒன்றை மட்டும் இணைத்தால் ஏறக்குறைய பாதியைத்தான் தரும்.

ஓம் கணக்கில் செய்யும் தவறு காதைக் கெடுப்பதோடு நிற்காது, கருவியையே எரித்துவிடும் என்பதால் இதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் இரண்டு ஸ்பீக்கர் துளைகள் இருப்பதைக் கண்டதும், இரண்டு பெட்டிகளை இணைக்கலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணிவிடுகிறோம். அந்தத் துளைகள் பெரும்பாலும் உள்ளே பக்க இணைப்பில் இருப்பவை. 8 ஓம் பெட்டிகள் இரண்டைச் சேர்த்தால் மொத்த மின்மறுப்பு 4 ஓம். 4 ஓம் பெட்டிகள் இரண்டைச் சேர்த்தால் 2 ஓம். 8 ஓமையும் 4 ஓமையும் சேர்த்தால் சுமார் 2.7 ஓம். ‘குறைந்தது 4 ஓம்’ என்று எழுதியிருக்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் பின்னிரண்டு இணைப்புகளையும் செய்தால், ஒத்திகை முழுக்க ஒழுங்காக ஓடிவிட்டு, நிகழ்ச்சியின் மூன்றாவது பாட்டில் சூடேறி அணைந்துபோகும். ஒத்திகையில் தப்பித்ததாலேயே இணைப்பு சரி என்று ஆகிவிடாது. மேலும் 8 ஓம் பெட்டியும் 4 ஓம் பெட்டியும் சேரும்போது மின்திறன் சமமாகப் பிரிவதில்லை. 4 ஓம் பெட்டி மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்கிறது. அது சிறிய பெட்டியாக இருந்துவிட்டால் முதலில் கிழிவது அதன் கூம்புதான்.

வால்வு ஆம்ப்ளிஃபயரில் கதை தலைகீழ். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் பெட்டியே இல்லாமல் ஓடினாலும் தாங்கும். வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பெட்டி இணைக்காமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் வால்வுகளும் பறிபோகலாம். பின்புறத்திலுள்ள ஓம் தேர்வுக் குமிழைப் பெட்டிக்கு ஏற்ற இடத்தில் வைப்பதும் கட்டாயம். இங்கே கம்பியும் முக்கியமாகிறது. கிட்டாரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் கம்பியும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கம்பியும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும், முன்னதன் உட்கம்பி மெல்லியது, பல ஆம்பியர் மின்னோட்டத்தைச் சுமக்கச் செய்யப்பட்டதல்ல. அவசரத்துக்கு அதைச் செருகி, அது சூடேறி அறுந்தால், வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பெட்டியில்லாமல் ஓட்டிய நிலைதான். திருகிப் பூட்டும் ஸ்பீக்கான் இணைப்பு இருக்கும் இடத்தில் அதையே பயன்படுத்துவது இந்தக் குழப்பத்துக்கே இடம் தராது, ஏனெனில் கிட்டார் கம்பி அதில் நுழையாது.

இனிக் குமிழ்களுக்கு வருவோம். வீட்டில் தனியாக, மெல்லிய சத்தத்தில் வாசிக்கும்போது கைகள் தாமாகவே பேஸ் குமிழையும் டிரெபிள் குமிழையும் ஏற்றி, நடுவிலுள்ள மிட் குமிழை இறக்கிவிடுகின்றன. தனியே கேட்கும்போது அது அழகாகவே இருக்கிறது. சத்தம் குறையக் குறைய நம் காது அடியோசையை மேலும் மந்தமாகக் கேட்கிறது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். வீட்டில் ஏற்றியது அந்த மந்தத்தை ஈடுகட்டத்தான். அதே அமைப்போடு மேடையேறிச் சத்தத்தைக் கூட்டினால், காது இப்போது அடியோசையைத் தடையின்றிக் கேட்பதால், எல்லாம் உறுமலாகக் கலங்கிவிடும். அடியில் டிரம்ஸின் கிக்கும் மேலே சிம்பலும் கிட்டாரும் இடத்தைப் பிடித்துக்கொள்ள, பேஸுக்கென்று மிஞ்சியிருந்த 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தையும் நாமே வெட்டியெறிந்துவிட்டோம். அப்போது வாசிப்பவர் தன் ஒலி தனக்கே கேட்கவில்லை என்று பேஸ் குமிழை இன்னும் ஏற்றுவார். அந்த ஏற்றத்தின் செலவையும் கணக்கிட வேண்டும். ஒரு குமிழை 12 டெசிபல் ஏற்றினால் அந்த அதிர்வெண்ணில் ஆம்ப்ளிஃபயர் பதினாறு மடங்கு மின்திறன் தர வேண்டும். 20 வாட்டில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென 320 வாட் கேட்கும். கூம்புக்கும் வேலை கூடுகிறது: அதே சத்தத்துக்கு அதிர்வெண் பாதியானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்பின் அசைய வேண்டும். துளையுள்ள பெட்டியில், துளை இசைவிக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே காற்றின் தடுப்பு விலகிவிடுவதால் கூம்பு கட்டற்றுத் துள்ளும், ஒலியோ எழாது. ஸ்பீக்கர் தாங்கும் என்று குறிப்பிட்ட வாட்டில் பாதியைக் கூடத் தொடாமலே கூம்புகள் சிதைவது பெரும்பாலும் இப்படித்தான். 30 முதல் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டும் ஹை-பாஸ் ஃபில்ட்டர் ஒன்றை இடையில் வைத்தால், ஒலி மெலியும் என்று அஞ்சியவர்களே, ஒலி திரண்டு முன்னே வருவதைக் கேட்டு வியப்பார்கள்.

எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்தால் சமநிலை என்பதும் எப்போதும் உண்மையல்ல. ஃபென்டர் நிறுவனத்தின் பழைய வடிவத்தைப் பின்பற்றும் வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் குமிழ்கள் நடுவில் நிற்கும்போது மிட் ஏற்கெனவே பள்ளத்தில் கிடக்கும்; சமநிலைக்கு அருகில் வர, பேஸையும் டிரெபிளையும் நன்றாக இறக்கி மிட்டை முழுவதும் ஏற்ற வேண்டியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு திருகுவது இங்கே உண்மையிலேயே நல்ல அறிவுரை.

பெட்டியை வைக்கும் இடமும் ஒரு குமிழ்தான், ஆனால் அதைத் திருகுபவர் அரிது. சுவர்மூலையில் வைத்தால் அடியோசை தானாகப் பெருகும். ஏதேனும் ஒரு சுரம் மட்டும் வீங்கி ஒலித்தால் ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்வதற்கு முன் அறையை அளந்து பாருங்கள்: எதிரெதிர்ச் சுவர்கள் சுமார் 3.1 மீட்டர் இடைவெளியில் இருந்தால், அங்கே 55 ஹெர்ட்ஸில் நிலையலை உருவாகும். அது சரியாக ஏ தந்தியின் சுரம். பேஸ் குமிழை இறக்கினால் மற்றச் சுரங்களும் சேர்ந்து மெலியும், வீங்கியது வீங்கியபடியே இருக்கும். பெட்டியை ஒன்றிரண்டு அடி நகர்த்துவதே மருந்து. இன்னொன்று, தரையில் வைத்த பெட்டியின் ஸ்பீக்கர் நம் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு மீட்டர் முன்னால் நிற்பவருக்கு மிட்டும் டிரெபிளும் காதுக்குக் கீழேயே சென்றுவிடுகின்றன. ஒரு ஒத்திகையில் டிரெபிளை முக்கால்வாசி ஏற்றி வைத்துத் திருப்தியோடு வாசித்துக்கொண்டிருந்த நான், கீழே விழுந்த பிக்கை எடுக்கக் குனிந்தேன். ஸ்பீக்கருக்கு நேராகக் காது வந்தபோதுதான், எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அதுவரை எந்த இரைச்சலைப் பொறுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது புரிந்தது. பெட்டியைச் சற்றுச் சாய்த்தோ உயர்த்தியோ வைத்தால் போதும். இரண்டு பெட்டிகள் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது, ஒலி அகலவாக்கில் சீராகப் பரவவும் உதவும்.

பெட்டிக்குள் கைவைப்பவர்களுக்கும் ஒரு சொல். துளையுள்ள பெட்டியில் வேறு ஸ்பீக்கரைப் பொருத்துவதற்கு முன் அதன் பண்புகள் அந்தக் கொள்ளளவுக்குப் பொருந்துமா என்று கணக்கிட வேண்டும். அங்குலமும் ஓமும் ஒத்திருப்பது போதாது. சாதாரண கிட்டார் ஸ்பீக்கர் பேஸுக்குத் தேவையான தூரம் அசையாது. வால்வு ஆம்ப்ளிஃபயரின் உள்ளே, மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கும் என்பதால் அது பயிற்சி பெற்றவருக்கான வேலை. சிறிய ஆம்ப்ளிஃபயர் பெரிய ஸ்பீக்கரை எரிக்கும் என்ற பழைய எச்சரிக்கையில் உண்மை பாதிதான்: 100 வாட் ஆம்ப்ளிஃபயரை அலைமுகடுகள் முழுதும் வெட்டுப்படும்வரை விரட்டினால் அது 200 வாட் வரை கொடுத்துவிடும், அதில் முதலில் பலியாவது உச்ச ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர். 800 வாட் தாங்கும் கூம்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து அரங்கின் மிக்ஸருக்குச் சமிக்ஞையை நேரடியாக அனுப்பும் டிஐ வெளியீட்டில் ‘ப்ரீ’ (குமிழ்களுக்கு முன்), ‘போஸ்ட்’ (குமிழ்களுக்குப் பின்) என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அது ‘போஸ்ட்’டில் இருந்தால், மேடையின் மூலை முழக்கத்தைச் சரிக்கட்ட நீங்கள் திருகிய ஒவ்வொன்றும் அரங்கின் கடைசி வரிசை வரை செல்லும், ஆகவே ‘ப்ரீ’யில் வைத்துவிட்டு மேடை ஒலியை விருப்பம்போல் மாற்றிக்கொள்வதே முறை. அதன் அருகில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்ற சுவிட்சும் இருக்கும். ‘ம்ம்’ என்ற இரைச்சல் வரும்போது தட்ட வேண்டியது அதைத்தான். அதற்குப் பதிலாக மின் பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிட்டு வாசிப்பவரின் கைகள் உலோகத் தந்திகளின் மேல் இருக்கின்றன, உதடுகள் எர்த் செய்யப்பட்ட மைக்கிலிருந்து ஒரு அங்குலத் தொலைவில் இருக்கின்றன.