லப்டொப் கீபோட்டை வீட்டில் மாற்றும்போது விடக்கூடாத தவறுகள்

பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்களுக்குத் தெரியும், மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில்தான் இருக்கிறது. தங்கச்சியின் லப்டொப்பில் ஒருநாள் அந்த ஒரு விசை மட்டும் செத்துப்போனது. "தமிழ்" என்று அடித்தால் "தமிழ" என்றுதான் வந்தது. அடுத்த கிழமை கொடுக்கவேண்டிய ஒப்படை பாதியில் நின்றது. நானே மாற்றித் தருகிறேன் என்று தொடங்கினேன். அரை மணித்தியால வேலை இரண்டு கிழமை இழுபட்டது. அதற்குப் பிறகு வீட்டிலும் அயலிலும் பல லப்டொப்புகளைத் திறந்துவிட்டேன். வேலை கஷ்டமில்லை, அவசரம்தான் செலவு வைக்கிறது.

முதலில், பழுது கீபோட்டில்தானா என்று பாருங்கள். ஒரு யு.எஸ்.பி. கீபோட்டை இரவல் வாங்கிச் செருகுங்கள். அதிலும் அதே சிக்கல் என்றால் கோளாறு விண்டோஸ் அமைப்பில் இருக்கலாம். வலப்பக்க ஷிஃப்ட்டை 8 செக்கன் அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸை, அதாவது சட்டென்று தட்டும் தட்டல்களைக் கணக்கெடுக்காத அமைப்பை, இயக்கவா என்று கேட்கும். யாராவது கவனிக்காமல் ஓம் கொடுத்திருந்தால் விசைகள் எல்லாம் செத்ததுபோலத் தெரியும். சின்ன லப்டொப்புகளில் நம்லொக் (Num Lock) விழுந்திருந்தால் யு, ஐ, ஓ விசைகள் 4, 5, 6 என்று எண்களைத் தரும். ஆனால் தள்ளித் தள்ளி இருக்கும் நாலைந்து விசைகள் ஒரேயடியாக நின்றிருந்தால் கீபோட்டையோ அதை மதர்போட்டோடு இணைக்கும் ரிப்பனையோதான் சந்தேகிக்க வேண்டும். விசைகள் உள்ளே நெடுக்கும் குறுக்குமான கோடுகளில் இணைந்திருக்கின்றன. ஒரு கோடு அறுந்தால் அதில் உள்ள எல்லாமே போய்விடும்.

சீனி போட்ட தேத்தண்ணி கொட்டினால் சிலர் கீபோட்டைக் கழற்றிக் கிணற்றடிக்குக் கொண்டு போகிறார்கள். வேண்டாம். நம்முடைய யாழ்ப்பாண நிலம் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீர் கடினநீர். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு விசைகளுக்குக் கீழும் படியும். கீபோட்டை விட முக்கியமானது அதற்குக் கீழே இருக்கும் மதர்போட். புதுக் கீபோட்டைப் போடுவதற்கு முன் அதில் பிசுபிசுப்போ பச்சை, வெள்ளைப் பூப்போ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் துப்புரவாக்காமல் மூடக்கூடாது.

வாங்கும்போது மொடல் பெயரை மட்டும் சொல்லி வாங்குவதுதான் நான் அதிகம் காணும் தவறு. ஒரே மொடலில் வெளிச்சம் உள்ளது, இல்லாதது, ரிப்பன் வேறு இடத்தில் இருப்பது என்று பல வகை உண்டு. நம்மூரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொடுத்துவிட்ட லப்டொப் என்றால், லண்டனில் இருந்து வந்ததில் என்ரர் விசை மேல் வரிசைக்கும் ஏறி நிற்கும், பிரான்ஸ் லப்டொப்பில் எழுத்துகளே அஸேர்ட்டி வரிசை (ஏ, இஸட் என்று தொடங்குவது), ஜேர்மனியில் இருந்து வந்ததில் ஒய்யும் இஸட்டும் இடம் மாறியிருக்கும். இவற்றுக்கு அமெரிக்க வகைக் கீபோட்டை வாங்கினால் என்ரரின் வடிவமும் இடப்பக்க ஷிஃப்ட்டின் நீளமும் ஒத்துவராது. ஒவ்வொரு விசைக்கும் தனித்தனித் துளை வெட்டிய மூடி என்றால் அது உள்ளே இறங்கவே இறங்காது. எனவே பழையதை முதலில் கழற்றி, பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பரைப் படம் எடுத்துவிட்டு ஓடர் கொடுங்கள். கொழும்பில் கணினிக் கடைகள் உள்ள யூனிட்டி பிளாசாவில் இருந்து பார்சலில் வந்த பிறகு பிழை என்று கண்டால் திருப்பி அனுப்பும் அலைச்சலும் உங்களுக்குத்தான்.

மேலிருந்து கழறும் கீபோட் என்றால் தயங்காமல் இறங்கலாம். பழைய திங்க்பேட்களில் எந்தத் திருகாணி கீபோட்டுக்குரியது என்று அடியில் படமே போட்டிருக்கும். உருக்கி ஒட்டிய பிளாஸ்ரிக் குமிழ்களால் பிடித்து வைத்திருக்கும் வகை என்றால், முதல் தடவை செய்பவர் கை வைக்கக்கூடாது என்பதே என் கருத்து. குமிழ்களை உடைத்து எடுத்தால் புதியது இறுக்கமாக உட்காராது, தட்டும்போது நடுவில் அமுங்கும். அந்த வகைக்குக் கைவைக்கும் மேல்மூடியோடு சேர்த்து வாங்குவது நல்லது.

சாஜரைக் கழற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பற்றரி உள்ளே இருந்தால், மூடியைத் திறந்ததும் முதல் வேலை அதன் இணைப்பைக் கழற்றுவது. பிறகு பவர் பட்டனை 10 செக்கன் அழுத்திப் பிடியுங்கள்.

இனி ரிப்பன் லொக். தங்கச்சியின் லப்டொப்பில் நான் உடைத்தது இதைத்தான். கீபோட்டைப் புத்தகத்தின் மட்டையைப் போல மெதுவாகத் தூக்கினால், அடியில் தட்டையான ரிப்பன் ஒன்று மதர்போட்டுக்குள் போவது தெரியும். அதன் வாயில் நகத்தின் அகலம்கூட இல்லாத ஒரு பிளாஸ்ரிக் பட்டி. சில லப்டொப்பில் அது கதவுபோல மேலே எழும்பும். வேறு சிலவற்றில் இரண்டு பக்கக் காதுகளையும் ஒரே அளவில் ஒரு மில்லிமீற்றர் வெளியே தள்ள வேண்டும். நான் வெளியே தள்ள வேண்டியதை மேலே நெம்பினேன். "டிக்" என்ற சின்னச் சத்தம்தான் கேட்டது, ஒரு காது மேசையில் கிடந்தது. எது எந்த வகை என்று வெளிச்சம் பிடித்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். லொக்கைத் திறந்த பிறகு ரிப்பன் இழுக்காமலே வரும். இழுக்க வேண்டியிருந்தால் லொக் இன்னும் திறக்கவில்லை. வெளிச்சம் உள்ள கீபோட்டில் இரண்டாவது சின்ன ரிப்பன் இருக்கும், அதை மறந்து தூக்கினால் கிழியும். திரும்பச் செருகும்போது ரிப்பனின் குறுக்குக் கோடு வாயோடு சமாந்தரமாக நிற்க வேண்டும். சற்றுச் சரிந்தாலும் சில விசைகள் வேலை செய்யாது, புதுக் கீபோட் பழுது என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பீர்கள்.

திருகாணிகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. பழைய கலண்டர் மட்டையில் லப்டொப்பின் உருவத்தைக் கீறி, கழற்றிய இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டையின் இடத்தில் முறுக்கினால் மேல்மூடி புடைக்கும், சிலவேளை மதர்போட்டிலேயே குத்தும். நட்சத்திரத் தலைக்கு நட்சத்திர முனைதான். வேறு முனையை வைத்துத் திருகித் தலையை மழுங்கடித்தால் அதைக் கழற்றுவது பெரும்பாடு.

எல்லாம் பூட்டி முடித்துத்தான் சோதிக்க வேண்டும் என்றில்லை. ரிப்பனைச் செருகி, பற்றரியை இணைத்து, இரண்டு திருகாணியோடு நிறுத்திவிட்டு ஒவ்வொரு விசையாகத் தட்டிப் பாருங்கள், பாமினி அடிப்பவர்கள் அரைப்புள்ளியை மறக்காமல். சரி என்றால் மிச்சத்தை முறுக்குங்கள். பழைய கீபோட்டை எறிய வேண்டாம். புதியதில் ஒரு விசையின் மூடி உடைந்தால், இரண்டும் ஒரே பார்ட் நம்பர் என்றால், அதிலிருந்து கழற்றிப் போடலாம்.