சிவப்புக் கட்டம் போட்ட மாத்திரை வாங்க மெடிக்கலுக்குப் போகும் முன்

அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வர டாக்டர் அல்பிரசோலம் எழுதிக் கொடுத்திருந்தார். மாத்திரை தீர்ந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலி அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்கு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மூன்று கடையில் கேட்டேன். மூன்றிலும் தரவில்லை. கடைசிக் கடையில் ஆதாரை எடுத்து நீட்டினேன். "ஆதார் வெச்சு நான் என்னங்க பண்றது, டாக்டர் சீட்டு இருந்தா குடுங்க" என்றார் மருந்தாளுநர். அவர் சொன்னது சரிதான். நம் பக்கத்தில் பென்னாகரம், அஞ்செட்டி, சித்தேரி மலை என்று எங்கெங்கிருந்தோ வந்து வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் நிறைய, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கோட்டால் கட்டம் கட்டி அதற்குள் எச்சரிக்கை அச்சடித்து, ஓரத்தில் சிவப்பு எழுத்தில் ஆர்எக்ஸ் (Rx) என்று இருந்தால் அது எச்1 பட்டியல் மருந்து, அதாவது டாக்டர் சீட்டைப் பார்த்துத் தனி நோட்டில் எழுதி வைத்துத்தான் விற்க வேண்டிய மருந்து. 2014 மார்ச் 1 முதல் இந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடெம், டிரமடால், கோடீன் கலந்த இருமல் டானிக், அப்புறம் செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக்குகள் எல்லாம் இதில் வரும். ஆர்எக்ஸுக்கு முன்னால் ஆங்கில N எழுத்து சேர்ந்து NRx என்று இருந்தால் போதை மருந்துச் சட்டமும் அதற்குப் பொருந்தும், கடைக்காரர் இன்னும் கறாராகத்தான் இருப்பார். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் பெரும்பாலும் சாதாரண எச் பட்டியலில் இருப்பவை. அவற்றுக்கும் சட்டப்படி சீட்டு வேண்டும், ஆனால் எச்1 மருந்துக்கு எழுதுகிற தனி நோட்டு கிடையாது.

எச்1 மருந்து ஒவ்வொன்றையும் விற்கும்போது தனி நோட்டில் எழுதியாக வேண்டும். டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், எத்தனை கொடுத்தார் என்பது, இவ்வளவும் அதில் ஏறும். நோட்டை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும், மருந்துக் கடைகளைச் சோதிக்கும் மருந்து ஆய்வாளர் எப்போது வந்து கேட்டாலும் காட்ட வேண்டும். இதையெல்லாம் ஆதாரைப் பார்த்து எழுத முடியாது, சீட்டைப் பார்த்துத்தான் எழுத முடியும். எச்1 மருந்துக்கு ஆதார் கட்டாயம் என்று மருந்து விதியில் இல்லை. பழக்கமில்லாத கடையில் ஆள் யாரென்று தெரிந்துகொள்ளக் கேட்டால் காட்டுங்கள், தவறில்லை, ஆனால் ஜெராக்ஸ் கொடுத்துவிட்டு வராதீர்கள். கொடுத்தே ஆகவேண்டிய நிலை வந்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற ஆதாரை டவுன்லோடு செய்து அதைக் கொடுங்கள்.

இப்போது சீட்டு. டாக்டர் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அங்கேயே நின்று படித்துப் பாருங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நோயாளியின் பெயரும் முகவரியும், தேதி, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண், மருந்தின் பெயர், ஒரு வேளைக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை மாத்திரை, இதில் ஒன்று விட்டிருந்தாலும் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். பலர் கோட்டை விடுவது இன்னொரு விஷயத்தில். சீட்டில் வேறு எதுவும் எழுதியிருக்காவிட்டால் அதை வைத்து ஒரு தடவைதான் மருந்து வாங்க முடியும். மாதாமாதம் வாங்க வேண்டிய மாத்திரை என்றால் "மாதம் ஒருமுறை வீதம் மூன்று மாதத்துக்குக் கொடுக்கலாம்" என்பது போல டாக்டரே எழுதித் தர வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவைக் காட்டினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். மருந்து கொடுத்ததும் கடையின் பெயர், முகவரி, தேதியைக் கடைக்காரர் அந்தச் சீட்டிலேயே குறிக்க வேண்டும் என்பது விதி. போனில் இருக்கும் படத்தில் அதை எங்கே குறிப்பார்? அசலைக் கொண்டு போங்கள். நோயாளி நேரில் வர வேண்டியதில்லை, வீட்டில் பெரியவர் யாராவது வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளையை மட்டும் அனுப்பாதீர்கள்.

ஓசூர்க்காரர்களுக்கு இது தனியாக. பெங்களூரில் பார்த்துவிட்டு வந்து இங்கே மருந்து வாங்கலாம். பதிவு பெற்ற டாக்டர் எழுதியது என்றால் வேறு மாநிலம் என்பதற்காகச் சீட்டு செல்லாமல் போகாது. கன்னடத்தில் முகவரி அச்சடித்திருந்தால் அதை மட்டும் படித்துச் சொல்லிவிடுங்கள், பதிவேட்டில் எழுத வசதியாக இருக்கும். டிபி மாத்திரையும் எச்1 பட்டியலில்தான் வருகிறது, ஆனால் அதற்காகக் கடை கடையாக அலைய வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் கவனத்துக்கு. அங்கே சூடோஎபிட்ரின் கலந்த சளி மாத்திரைக்கு டாக்டர் சீட்டு பொதுவாகத் தேவையில்லை, ஆனால் அலமாரியில் இருந்து நாமே எடுக்க முடியாது. கவுன்டரில் கேட்டு, போட்டோ போட்ட அடையாள அட்டையைக் காட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு 3.6 கிராமுக்கு மேல் தரமாட்டார்கள். அந்த மருந்தை வைத்து மெத் என்ற போதைப்பொருள் காய்ச்சியதால் 2005 சட்டத்தில் இந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். மகனையோ மகளையோ அவர்களுடைய ஓட்டுநர் உரிமத்தோடு வாங்கி வரச் சொல்வது சுலபம்.

மறுபடி அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அல்பிரசோலம் மாதிரி மாத்திரையைப் பல மாதம் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்பு வரை போகும். மாத்திரை தீர்ந்து டாக்டரும் கிடைக்கவில்லை என்றால், தெரிந்தவர் வீட்டு மாத்திரையைக் கடன் வாங்காமல், அசல் சீட்டோ பழைய பில்லோ எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எங்கள் வீட்டில் சீட்டும் பில்லும் ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் கவரிலேயே இருக்கின்றன. அட்டையில் ஏழு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே டாக்டருக்குப் போன் செய்துவிடுகிறேன்.