சினிமா சண்டையில் எது நிஜம், எது ஜோடனை: லெத்வே மேடையோரம் நின்று பார்க்கிறவன் சொல்வது

போன மழைக்காலத்தில் என் அக்கா மகன் பள்ளிக்கூட வாசலில் ஒருவனை நெற்றியில் குத்திவிட்டு வந்தான். பதினாலு வயசு. குத்து வாங்கியவனுக்கு லேசாகப் புடைத்திருந்தது, அவ்வளவுதான். குத்தியவனுக்குத்தான் சுண்டுவிரலுக்கு நேர் கீழே புறங்கையில் இருக்கிற எலும்பு உடைந்து, ஒரு மாசத்துக்கு மேல் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் கேட்டது இதுதான்: "மாமா, படத்துல ஒருத்தன் முப்பது பேரைக் குத்துறானே, அவன் கைக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகலை?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல உட்கார்ந்துதான் இருவரும் சேர்ந்து சண்டைக்காட்சிகளை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தோம். வீட்டில் பையன்கள் இருக்கிறவர்கள் யாரும் இதைச் செய்யலாம், ஒரு போனும் அரை மணி நேரமும் போதும்.

யங்கோனில் ஒரு லெத்வே பயிற்சிக்கூடத்தில் பத்து வருஷத்துக்கும் மேலாகப் பையன்களுக்குக் கைக்கட்டு கட்டுகிறேன், ஆட்டம் நடக்கும்போது மூலையில் தண்ணீரும் ஐஸுமாக நிற்கிறேன். லெத்வே தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பர்மாவின் குத்துச்சண்டை, கையுறை கிடையாது, துணிக்கட்டும் டேப்பும் மட்டும். கை, கால், முழங்கை, முழங்கால் எல்லாவற்றோடும் தலையாலும் முட்டலாம். பழைய முறையில் புள்ளிக்கணக்கே இல்லை. மூன்று நிமிஷச் சுற்று ஐந்து, அதற்குள் ஒருவன் விழுந்து எழாவிட்டால் மற்றவன் ஜெயித்தான், இருவரும் நின்றுகொண்டிருந்தால் டிரா. கிராமத்துத் திருவிழாக்களில் மணல் குழியில் நடந்ததை, 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் பாக்ஸிங் ஆடிய சா பா ஞெய்ன்தான் விதி வகுத்து மேடைக்குக் கொண்டுவந்தார். அடிக்கு அடி என்ன ஆகிறது என்று இவ்வளவு பக்கத்தில் காட்டுகிற விளையாட்டு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

சரி, முதலில் பிடித்த படத்திலிருந்து ஒரே ஒரு சண்டையை எடுங்கள். மூன்று நாலு நிமிஷம் ஓடுகிறதாக இருக்கட்டும். முதல் தடவை சத்தத்தை முழுசாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாதி பலம் உடனே போய்விடும், ஏனென்றால் நம் வயிற்றைக் கலக்குவது அந்த 'டிஷ்யூம்'தான், கை இல்லை. அந்தச் சத்தம் பிறகு ஸ்டுடியோவில் சேர்ப்பது, தோலை அடித்தும் இறைச்சியை அடித்தும் எடுப்பார்கள், எலும்பு முறிகிற சத்தத்துக்குக் கீரைத்தண்டு மாதிரி எதையாவது ஒடிப்பார்கள். நிஜக் குத்து தாடையில் விழும்போது ஈரத்துணியைக் கல்லில் போட்ட மாதிரி ஒரு சின்னச் சத்தம், கூட்டம் கத்தினால் அதுவும் கேட்காது. பலமாகச் சத்தம் போடுவது தொடையில் விழுகிற உதைதான்.

இரண்டாவது தடவை, காட்சி வெட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் மேஜையில் தட்டுங்கள். கை புறப்படுகிற இடத்துக்கும் போய்ச் சேருகிற இடத்துக்கும் நடுவில் ஒரு தட்டு விழுந்தால் அந்த அடி உங்களுக்குக் காட்டப்படவே இல்லை, நீங்களாக மனசில் சேர்த்துக்கொண்டது. வெட்டாமல் ஒரே ஷாட்டில் காட்டினால் கேமரா எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். குத்துகிறவன் முதுகுக்குப் பின்னாலோ குத்து வாங்குகிறவன் தோளுக்கு மேலாகவோ இருக்கும். முகத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே கை கடந்து போகும், அந்த இடைவெளி அந்தக் கோணத்தில் தெரியாது, எதிராளி சரியான நேரத்தில் தலையைத் திருப்புவார். இதை மட்டமாகச் சொல்லவில்லை. அப்படி நேரம் தப்பாமல் தலையைத் திருப்புவதும், திரும்பின வேகத்தில் மேஜை மேல் போய் விழுவதும் பெரிய வித்தை, ஸ்டண்ட் ஆட்கள் அதற்காக உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள், அவர்கள் விழுகிற தரை பல நேரம் நிஜத் தரைதான்.

வேகமும் ஒரு ஜோடனை. சினிமா வினாடிக்கு 24 படமாக ஓடும். சண்டையை மட்டும் 22 அல்லது 20 படமாக எடுத்து, 24 வேகத்தில் ஓட்டினால் எல்லாம் கொஞ்சம் சுறுசுறுப்பாகிவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி: கைகாலைப் பார்க்காதீர்கள், சட்டை நுனியைப் பாருங்கள், தலைமுடியை, கொட்டுகிற தண்ணீரை, கிளம்புகிற புழுதியை. மனுஷன் வேகமாகப் பழகலாம், தண்ணீர் பழகாது.

மூன்றாவது தடவைதான் முக்கியம். அடி வாங்குகிறவனை மட்டும் பாருங்கள், அதிலும் இடுப்பை. அடி வாங்கியவன் பறந்து போகிறான் என்றால் உடம்பில் முதலில் எது கிளம்புகிறது? இடுப்பு முதலில் பின்னால் போய், கையும் காலும் தலையும் முன்னால் தொங்கிக்கொண்டு போனால் இடுப்பில் பெல்ட் கட்டிக் கயிற்றால் இழுத்திருக்கிறார்கள். ஒருவனைப் பத்தடி தூக்கி எறிகிற அளவு குத்தினால் குத்தினவனும் அதே அளவு பின்னால் போயாக வேண்டும், அவன் ஆணி அடித்தது போல் நிற்க முடியாது. யங்கோனின் துவுண்ணா உள்ளரங்கில் நான் பார்த்த எந்த நாக்அவுட்டிலும் ஒருவனும் பறந்ததில்லை. நின்ற இடத்திலேயே முழங்கால் மடங்கி, அறுத்துவிட்ட கயிறு மாதிரி கீழே சரிவான். சில நேரம் கை ஒன்று விறைத்துக்கொண்டு அந்தரத்தில் அப்படியே நிற்கும், மூச்சு குறட்டை மாதிரி வரும். முதல் தடவை பார்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள், பயப்படத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு பேசுங்கள். படத்தில் பின்கழுத்தில் ஒரு தட்டு தட்டினால் காவலாளி தூங்கிப்போவான், ரெண்டு மணி நேரம் கழித்து நாற்காலியில் கட்டிப்போட்ட நிலையில் எழுந்து தெளிவாக வசனம் பேசுவான். நிஜத்தில் மயக்கம் என்பது தூக்கம் இல்லை. தாடையில் பக்கவாட்டில் விழுகிற அடி தலையைச் சட்டென்று சுழற்றுகிறது, உள்ளே மூளையும் கூடச் சுழன்று குலுங்குகிறது, அதனால்தான் விளக்கு அணைகிறது. பெரும்பாலும் சில வினாடிகளில் கண் திறப்பான். திறந்ததும் "எந்த ரவுண்ட்?" என்று கேட்பான், பதில் சொன்னால் ஒரு நிமிஷம் கழித்து அதையே திரும்பக் கேட்பான். அடுத்த நாள் தலைவலி, வெளிச்சம் பார்த்தால் கண் கூசும், சிலருக்கு வாந்தி. மயக்கம் சில நிமிஷம் நீடித்தாலே அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். ரெண்டு மணி நேரம் எழவில்லை என்றால் அந்தக் காவலாளி படத்தின் மீதிக் கதையில் இருக்கவே மாட்டான்.

இதில் நான் நேசிக்கிற லெத்வேயின் மேலேயே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பழைய விதிப்படி, மயங்கி விழுந்தவனுக்கு ஒரு தடவை ரெண்டு நிமிஷம் ஓய்வு கேட்டு, தெளியவைத்துத் திரும்ப ஆடவிடலாம், கடைசிச் சுற்றில் மட்டும் முடியாது. கூட்டம் அதை வீரம் என்று கொண்டாடும். மூலையில் ஐஸ் வைத்துத் தேய்க்கிறவன் நான், அந்தக் கண்களை ஒரு அடி தூரத்தில் பார்க்கிறேன், அந்த விதி போய்விட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது மருமகனின் கேள்விக்கு வருகிறேன், கை. அதே காட்சியில் கதாநாயகன் எத்தனை தடவை தலையில் குத்துகிறான் என்று எண்ணுங்கள். நாங்கள் பார்த்த ஒன்றில் நாற்பதைத் தாண்டியது. மண்டை ஓடு, அதிலும் நெற்றி, உடம்பிலேயே கெட்டியான எலும்புகளில் ஒன்று. கையிலோ இருபத்தேழு சின்ன எலும்புகள். வெறுங்கையால் நெற்றியைக் குத்தினால் எது உடையும் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. லெத்வேயில் அனுபவம் உள்ளவன், குத்து வருகிறது என்றால் தாடையை ஒளித்துக்கொண்டு நெற்றியை நீட்டுவான், அடித்தவன் கைதான் போகும். அதனால்தான் தேர்ந்தவர்கள் முகத்துக்கு முழங்கையை அதிகம் நம்புகிறார்கள், கை முட்டியைத் தாடைக்கும் விலாவுக்கும் வைத்துக்கொள்கிறார்கள். கையுறை போட்ட பாக்ஸிங்கில் தலையில் இத்தனை குத்து விழ முடிவதே கையுறை அடிப்பவன் கையைக் காப்பாற்றுவதால்தான். அடி வாங்குபவன் தலையைக் காப்பாற்ற என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

பல்லும் அப்படித்தான். 1993-இல் அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி (பல வித்தைக்காரர்கள் மோதுகிற கலப்புச் சண்டை) போட்டியில், முதல் ஆட்டமே 26 வினாடியில் முடிந்தது. ஜெரார்ட் கோர்டோ, கீழே விழுந்த எதிராளியின் முகத்தில் உதைத்தார், உடைந்த பல் அவர் பாதத்திலேயே பதிந்துவிட்டது. மனுஷ வாயில் கை கிழிந்தால் அந்தக் காயம் மோசமாகச் சீழ் பிடிக்கும், சின்னக் கீறல் என்று விடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். எந்தக் கதாநாயகனும் சண்டை முடிந்து ஊசி போட்டுக்கொள்ளப் போனதாக நான் பார்த்ததில்லை.

கழுத்தை நெரிப்பதையும் கவனியுங்கள். படத்தில் ஒன்று ரெண்டு நிமிஷம் திமிறுவார்கள், இல்லாவிட்டால் தலையைத் திருகி 'கடக்' என்று முடித்துவிடுவார்கள். நிஜத்தில் கழுத்தின் ரெண்டு பக்க ரத்தக்குழாயும் சரியாக அழுந்தினால் பத்து வினாடிக்குள் நினைவு போய்விடும், பிடியை விடாமல் வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. அப்படித் திருகி ஒடிப்பது லேசில் நடக்காது. பிள்ளைகள் விளையாட்டாகச் செய்து பார்க்கிறது பெரும்பாலும் முதலாவதை, அதனால் இதை அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பத்துப் பேர் சுற்றி நின்று முறை வைத்து ஒவ்வொருவராக வருவது, கத்தி வைத்திருப்பவன் அதைக் காட்டி மிரட்டிவிட்டு மெதுவாக வீசுவது, இதெல்லாம் யாருக்கும் தெரிந்ததே. கத்தியைப் பற்றி ஒன்று மட்டும்: குத்துப்பட்ட பலர் கத்தியைப் பார்க்கவே இல்லை, ஓங்கிக் குத்தினான் என்றுதான் நினைத்தார்கள். ஓட வழி இருந்தால் ஓடுங்கள்.

படங்களில் நிஜமே இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் அப்பா காலத்தில் இங்கே எம்.ஜி.ஆர். படம் என்றால் உயிர். அவர் சிலம்பம் பழகியவர் என்பது கம்பைப் பிடிக்கிற விதத்திலேயே தெரியும், பாதம் முதலில் நகர்ந்து பிறகுதான் கம்பு வரும். இது நல்ல அளவுகோல். நிஜமாகப் பழகிய நடிகரைக் கண்டுபிடிக்கக் கையைப் பார்க்காதீர்கள், பாதத்தைப் பாருங்கள். அடித்த பிறகு கால் குறுக்கே பின்னிக்கொள்ளாமல் நிற்கிறதா, உதைத்த கால் அடுத்த அடிக்குத் தயாரான இடத்துக்குத் திரும்புகிறதா? தூரமாக நின்று முழு உடம்பையும் காட்டுகிற நீண்ட ஷாட் வருகிறதா? வித்தை இருக்கிறவர்களை அப்படிக் காட்டலாம், இல்லாதவர்களைத்தான் துண்டு துண்டாக வெட்ட வேண்டியிருக்கிறது.

நிஜச் சண்டை சில நேரம் முடிவே இல்லாமல் முடியும் என்பதையும் படம் சொல்லாது. 2016-இல் பர்மாவின் லெத்வே வீரர் துன் துன் மின்னும் கனடாக்காரர் டேவ் லெடுக்கும் முதல் தடவை மோதியபோது இருவரும் கடைசிவரை நின்றார்கள், டிரா. அந்த வருஷக் கடைசியில் திரும்ப மோதினபோதுதான் லெடுக் ஜெயித்தார், அதுவும் துன் துன் மின் காலில் அடிபட்டு மேலே ஆட முடியாமல் போனதால்.

கடைசியாக ஒரு வேலை, இதைக் கட்டாயம் செய்யுங்கள். போனில் மூன்று நிமிஷம் வைத்துக்கொண்டு, பிள்ளையை நடுவில் நிற்கவைத்து, காற்றில் முழுவேகத்தில் குத்தவும் உதைக்கவும் சொல்லுங்கள், நிறுத்தக்கூடாது. இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் வேண்டாம். ஒரு நிமிஷம் தாண்டினால் கை தானாக மார்புக்கு இறங்கும், ஒன்றரை நிமிஷத்தில் வாயால் மூச்சு. அந்த நேரத்தில் படத்து வசனம் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். என் மருமகன் மாவுக்கட்டு பிரித்து, டாக்டர் சரி சொன்ன பிறகு இதைச் செய்தான். இரண்டாவது நிமிஷத்தில் வசனத்தின் மூன்றாவது வார்த்தை வரவில்லை.

அப்புறம்தான் கைக்கட்டு கட்டக் கற்றுக்கொடுத்தேன். மணிக்கட்டில் ஆரம்பித்து, புறங்கையில் குறுக்கே போட்டு, விரலிடுக்கில் கொடுத்து வாங்கி, திரும்ப மணிக்கட்டில் முடிக்க வேண்டும், விரலை விரித்தால் இறுகாமலும் மடக்கினால் தளராமலும் இருக்க வேண்டும். கட்டைவிரல் முட்டிக்கு வெளியே. அடி விழ வேண்டியது ஆட்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில், சுண்டுவிரல் பக்கம் அல்ல. இப்போது வாரம் ரெண்டு நாள் சாயங்காலம் வருகிறான். இன்னும் மூட்டையைத்தான் குத்துகிறான், மெதுவாக.