அழுது தீர்த்தால் தீருமா? உடல்வழிச் சிகிச்சையில் நேரும் தவறுகள்

வயிற்றில் புளியைக் கரைக்கிறது, நெஞ்சு அடைக்கிறது, கை கால் வெலவெலக்கிறது. மனதுக்கு நேர்ந்ததை நாம் எப்போதும் உடம்பை வைத்துத்தான் சொல்லி வந்திருக்கிறோம். உடல்வழி மனச்சிகிச்சை இந்தச் சொற்களை அப்படியே நம்புகிறது. என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்னால், இப்போது எங்கே இறுகுகிறது, மூச்சு எதுவரை போகிறது, பாதம் தரையில் படுவது தெரிகிறதா என்று கேட்கிறது. சொல்ல வாய் வராத துக்கத்துக்கு இது நல்ல வழி என்றே நினைக்கிறேன். அதனால்தான் இதைத் தவறாகச் செய்து புண்பட்டவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

பெரிய தவறு அவசரம். 'அழுது தீர்த்துவிடு' என்று சொல்லியே பழகியவர்கள் நாம். உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, ஒரேயடியாகக் கீறிவிட்டால் ஆறிவிடும் என்று எண்ணுகிறோம். அமெரிக்கச் சிகிச்சையாளர் பீட்டர் லெவின் 1970களிலிருந்து உருவாக்கிய 'சோமாடிக் எக்ஸ்பீரியன்சிங்' (உடல்வழி உணர்தல்) முறை இதற்கு நேர் எதிரானது. பள்ளி வேதியியல் கூடத்தில் தரம் பார்த்தல் (டைட்ரேஷன்) செய்தது நினைவிருக்கும். ப்யூரெட் என்ற கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மொத்தமாகத் திறந்துவிட்டால் சோதனையே கெட்டுவிடும். லெவின் தன் முறையில் இப்படிச் சிறிது சிறிதாக அணுகுவதற்கு அந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார். நெஞ்சின் இறுக்கத்தைச் சில நொடிகள் கவனிக்கிறீர்கள். பிறகு உடம்பில் சுகமாகவோ, குறைந்தது சும்மாவோ இருக்கும் ஓரிடத்துக்குக் கவனத்தைக் கொண்டுபோகிறீர்கள், உள்ளங்கை, முதுகு சாய்ந்திருக்கும் இடம் என்று. மறுபடி இறுக்கம், மறுபடி உள்ளங்கை. ஊசல்போல இப்படிப் போய்வருவதுதான் வேலையே. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும்.

கோபத்துக்கும் இதுவே பொருந்தும். தலையணையைக் குத்தச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இன்னொரு தவறு வெளியே தெரியாது, அதனால் ஆபத்து அதிகம்: மரத்துப்போவதை அமைதி என்று எடுத்துக்கொள்வது. ஒருவர் தாங்கக்கூடிய அளவுக்கு மேலே ஒரு விளிம்பும் கீழே ஒரு விளிம்பும் உண்டு. மேலே தாண்டினால் படபடப்பு, நடுக்கம், ஓடிவிட வேண்டும் என்ற தவிப்பு; இதை யாரும் கண்டுகொள்வார்கள். கீழே தாண்டினால் குரல் தட்டையாகும், கண் எங்கோ நிலைக்கும், கை கால் தன்னுடையது இல்லை என்பதுபோல் ஆகும். 'இப்போது நிம்மதியாக இருக்கிறது' என்றுகூட அவர் சொல்லலாம். அந்த நேரத்தில் கண்ணை மூடி இன்னும் ஆழமாகப் போகச் சொல்லக் கூடாது. கண்ணைத் திறந்து அறையைச் சுற்றிப் பார்க்கட்டும், எழுந்து நாலு எட்டு நடக்கட்டும். மூச்சைக் கவனிப்பதே சிலருக்குப் பயத்தைக் கிளப்பும். அவர்கள் மூச்சை விட்டுவிட்டுப் பாதத்திலிருந்து தொடங்கலாம்.

மூச்சு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வேகவேகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். விரலும் உதடும் மதமதக்கும், தலை சுற்றும், கை விரல்கள் இழுத்துக்கொள்ளும். பழைய துக்கம் வெளியேறுகிறது என்று அதற்குப் பொருள் சொல்பவரை நம்பாதீர்கள். வலிப்பு நோயோ இதய நோயோ உள்ளவர்கள் இப்படி வேகமாக மூச்சுவிடும் பயிற்சியின் பக்கமே போக வேண்டாம்.

உடம்பின் வலியை வைத்து நடக்காத கதையைக் கண்டுபிடிப்பதும் நடக்கிறது. இடுப்பு இறுகியிருக்கிறது, அப்படியானால் சிறுவயதில் யாரோ உங்களை ஏதோ செய்திருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். நினைவை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க்கதையைச் சொன்னபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவர் அதை முழுதாகவோ பாதியாகவோ 'நினைவுகூர்ந்தார்'. இறுக்கம் உண்மை, அதன் காரணம் அந்த இறுக்கத்தில் எழுதியிருப்பதில்லை. நெஞ்சுவலி, விடாத படபடப்பு போன்றவற்றுக்கு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

இதுவே எல்லாவற்றுக்கும் மருந்து என்று நம்பி, எடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்துகிறவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சலுக்குப் பரிந்துரைத்தவற்றில் முக்கியமானவை, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், கண்ணை இடவலமாக அசைத்தபடி நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். முறையும். லெவினின் முறைக்கு 63 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2017இல் வந்தது, பலன் தெரிந்தது. ஆனாலும் இது இன்னும் இளம் சான்று.

சிகிச்சையாளர் மனநலப் படிப்பு படித்தவரா, சில நாள் பயிற்சி மட்டும் பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேட்கிறாரா என்று பாருங்கள். 'வேண்டாம்' என்றதும் கை நிற்க வேண்டும், விளக்கம் கேட்கக் கூடாது. மறுக்க முடியாத நிலையில் காயப்பட்டவருக்கு, தன் சொல் எடுபடுவதைக் காண்பதே சிகிச்சையில் பாதி.

அமர்வின் கடைசிப் பத்து நிமிடத்தில் புதிதாக எதையும் தொட வேண்டாம். முடிந்த கையோடு வண்டியை எடுக்காமல் சற்று உட்கார்ந்திருங்கள், பாதத்தில் தரை உறைக்கும்வரை.