கேபிள் இன்டர்நெட்: 1,000 எம்பிபிஎஸ் வாங்கியும் ஜூம் ஏன் தொங்குகிறது?

அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங், ஆல்ஃபரெட்டா பக்கம் புதிதாகக் குடிவரும் நம் ஆட்கள் வீடு பிடித்த கையோடு கேட்பது, "எந்த இன்டர்நெட் போடலாம்?" நெட்வொர்க் வேலையில் இருப்பதால் அந்தக் கேள்வி சுற்றிவளைத்து என்னிடம் வந்துவிடும். நான் பதில் சொல்வதற்குள் அவர்களே எது பெரிய நம்பரோ (300, 600, 1,000 எம்பிபிஎஸ், அதாவது வினாடிக்கு இத்தனை மெகாபிட் வேகம்) அதைப் போட்டுவிடுவார்கள், அப்புறம் இரண்டு மாதம் கழித்து வேறு கேள்வியோடு வருவார்கள். ரூட்டரை அலமாரிக்குள் பூட்டி வைக்காதே, மெகாபிட் வேறு மெகாபைட் வேறு என்பதையெல்லாம் ஆயிரம் பேர் சொல்லியாகிவிட்டது, அதை விடுங்கள். கேபிள் கம்பி வழியாக வரும் இன்டர்நெட்டுக்கே உரிய, மாதாமாதம் காசைத் தின்னும் தவறுகள் மட்டும் இங்கே.

வீடியோ கால் தொங்கினால் பிளானை உயர்த்துவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மதுரைக்காரத் தம்பி ஒருவர். வீட்டிலிருந்தே வேலை. மனைவி மாலையில் குழந்தைகளுக்கு ஆன்லைனில் பாட்டு வகுப்பு எடுக்கிறார். வகுப்பு நடுவில் இவருடைய முகம் எதிர்ப்பக்கத்தில் உறைந்துபோய் நிற்கிறது, ஸ்வரம் பாதியில் அறுந்து விழுகிறது. கஸ்டமர் கேரைக் கூப்பிட்டார்கள். "உங்கள் பிளான் போதாது, மேலே ஏறுங்கள்" என்று பதில் வந்தது. 300-லிருந்து 600. அதற்கும் சரியாகாமல் போக, 1,000. கடைசியில்தான் என்னைக் கூப்பிட்டார்: "அண்ணே, ஜிகாபிட் போட்டும் ஜூம் தொங்குதுண்ணே, கம்ப்யூட்டரை மாத்தணுமா?"

நான் கேட்டது ஒன்றுதான். எதிரில் இருக்கும் குழந்தைகள் உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறார்களா? "அதெல்லாம் நல்லா தெரியுதுண்ணே, அவங்களுக்குத்தான் எங்களைத் தெரியல." முடிந்தது. அவர்கள் உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்து, நீங்கள் அவர்களுக்குத் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் சிக்கல் உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகும் பக்கத்தில். அதாவது அப்லோடில். அவர் இரண்டு படி ஏறியதில் உயர்ந்தது பெரும்பாலும் டவுன்லோடுதான். அப்லோடு 10-ஐ ஒட்டி இருந்தது, கடைசிப் படியில் 35 ஆனது. விளம்பரப் பலகையில் அந்த எண்ணை யாரும் பெரிதாக எழுதுவதில்லை.

ஏன் இப்படி? கேபிள் கம்பி முதலில் போடப்பட்டது டிவிக்காக. நிலையத்திலிருந்து வீட்டுக்குப் படம் வந்தால் போதும், வீட்டிலிருந்து திரும்பப் போக வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. பின்னால் 1990-களின் இறுதியில் டாக்சிஸ் என்ற தொழில்நுட்பம் வந்து அதே கம்பியில் இன்டர்நெட்டை ஏற்றியபோது, அமெரிக்காவில் மேலே போகும் போக்குவரத்துக்கு ஒதுக்கியது 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒரு சின்ன அலைவரிசைத் துண்டு. கீழே வருவதற்கு 54-க்கு மேல் பல நூறு மெகாஹெர்ட்ஸ், பின்னால் கிட்டத்தட்ட 1,000 வரை. அந்தச் சின்னத் துண்டும் சுத்தமானதில்லை. தளர்ந்த இணைப்பு, கம்பியைப் பிரிக்கும் பழைய ஸ்ப்ளிட்டர் என்று ஒவ்வொரு வீட்டிலும் நுழையும் மின் இரைச்சல் எல்லாம் மேலே போகும் வழியில் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். தெருவில் உள்ளவர்கள் அத்தனை பேரும் பங்குபோடுவதும் அதே துண்டைத்தான். இதனால்தான் பழைய அமைப்பு மாறாத பகுதிகளில் 1,000-க்கு மேல் டவுன்லோடு கொடுக்கும் பிளானிலும் அப்லோடு 35-இல் நின்றுவிடுகிறது.

சரி, ஒரு வீடியோ காலுக்கு எவ்வளவு அப்லோடு வேண்டும்? மூன்று, நான்கு எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். அப்படியென்றால் 10 இருந்தபோதே வகுப்பு ஓடியிருக்க வேண்டுமே? ஓடியிருக்கும், அந்த நேரத்தில் வேறு யாரும் மேலே எதையும் அனுப்பாமல் இருந்திருந்தால். அந்த வீட்டில் நடந்தது இது: சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் விழா, இரண்டு போனிலும் 4கே வீடியோவாக எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து வை-ஃபையைத் தொட்டதும் இரண்டு போனும் போட்டோ பேக்கப்பைத் தொடங்கிவிட்டன. வார நாட்களிலும் இதே கதை சிறிய அளவில். போன் சத்தமில்லாமல் செய்யும் வேலை என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பேக்கப் என்பது கிடைக்கும் அப்லோடு முழுவதையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கும். கேபிள் கம்பி வந்து சேரும் பெட்டியான மோடத்துக்குள் வரிசை நீளும். ரேஷன் கடையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் கையில் நாற்பது கார்டு இருந்து, உங்களுக்கு வேண்டியது ஒரு பாக்கெட் உப்பு மட்டும் என்றால் எப்படியிருக்கும், அந்த நிலைமைதான் குரலைச் சுமந்துபோகும் சின்னத் தரவுத் துண்டுக்கு (இதைப் பாக்கெட் என்போம்). சாதாரணமாக 20 மில்லிசெகண்டில் போய்ச் சேருவது அரை செகண்ட், ஒரு செகண்ட் என்று இழுக்கும். இதைத் துறையில் பஃபர்புளோட் என்கிறோம். இன்னொரு விஷயம், டவுன்லோடு ஆகும்போதும் "வந்து சேர்ந்தது" என்று ஒப்புகைகள் மேலே போயாக வேண்டும். அவையும் இதே வரிசையில் மாட்டிக்கொண்டால் உங்கள் 1,000-மும் நொண்டும்.

இதைக் கண்டுபிடிக்கப் பைசா செலவில்லை. ஃபாஸ்ட் டாட் காம் போய், சோதனை முடிந்ததும் கூடுதல் விவரத்தைத் திறந்தால் அப்லோடு வேகமும், சும்மா இருக்கும்போது தாமதம் எவ்வளவு, சுமை இருக்கும்போது எவ்வளவு என்ற இரண்டு எண்களும் வரும். முதலாவது 20, இரண்டாவது 400 என்று வந்தால், பிளானை எவ்வளவு உயர்த்தினாலும் உங்கள் பணம்தான் போகும்.

தீர்வு இரண்டு பக்கமும் உண்டு. போட்டோ பேக்கப்பை இரவில் போன் சார்ஜில் இருக்கும்போது மட்டும் ஓடவிடுங்கள். கம்ப்யூட்டர் பேக்கப் மென்பொருள் பலவற்றில் அப்லோடு வேகத்துக்கு வரம்பு வைக்கும் இடம் இருக்கும், அதில் உங்கள் அப்லோடில் பாதியைப் போடுங்கள். அப்புறம் ரூட்டரில் எஸ்க்யூஎம் என்று, இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் ஒரு வசதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைப் போட்டுவிட்டு, உங்கள் உண்மையான அப்லோடு வேகத்தில் 90 சதவீதத்தை எல்லையாகக் கொடுங்கள். வரிசை மோடத்துக்குள் கட்டுக்கடங்காமல் நீள்வதற்குப் பதிலாக ரூட்டரிலேயே ஒழுங்காகப் பிரிக்கப்படும், சின்னப் பாக்கெட்டுகள் முந்திப் போகும். அந்தத் தம்பி வீட்டில் இதைச் செய்துவிட்டு, 300 பிளானுக்கே இறங்கச் சொன்னேன். இறங்க அவருக்கு மனமே வரவில்லை, "ஜிகாபிட் இருக்குன்னு சொல்லிக்கலாமேண்ணே" என்றார். இறங்கினார். பாட்டு வகுப்பு தொங்கவில்லை. இந்தக் கதையை ஊரும் பேரும் மாற்றி வருஷம் பூரா கேட்கிறேன்.

வேகத்தை மட்டும் பார்த்து மாத வரம்பை விடுவது

வேகம் கூடினால், மாதத்துக்கு இவ்வளவு டேட்டாதான் என்ற வரம்பும் கூடும் என்று நினைக்கிறார்கள். பல பிளான்களில் கூடாது.

கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் 2008-இல் மாதத்துக்கு 250 ஜிபி என்று ஆரம்பித்தது, 2016-இல் பல மாநிலங்களில் 1 டிபி (1,000 ஜிபி) ஆனது, 2020 ஜூலையில் 1.2 டிபி. தாண்டினால் ஒவ்வொரு 50 ஜிபிக்கும் 10 டாலர், உச்சம் 100 டாலர். இன்னொரு கேபிள் நிறுவனமான காக்ஸ் 1.28 டிபி என்று வைத்திருந்தது. இப்போது கணக்குப் போடுங்கள்: 1,000 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் இறக்கினால் 1.2 டிபி தீர ஆகும் நேரம் 2 மணி 40 நிமிடம். மாதம் முழுக்கக் காசு கட்டி வாங்கிய வேகத்தை முழுதாக அனுபவிக்கக் கிடைப்பது அவ்வளவுதான். யாரும் அப்படி இறக்குவதில்லை, உண்மை. ஆனால் வரம்பு உள்ள பிளானில் மேல்படிக்குப் போகும் ஆள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது பார்த்துவிட்டுப் போகலாம்.

வரம்பு நெரிசலைக் குறைக்கத்தான் என்ற விளக்கத்தை நம்பி அனுதாபப்பட வேண்டாம். நெரிசல் இரவு எட்டு மணிக்கு வருவது. விடியற்காலை மூன்று மணிக்கு நீங்கள் இறக்கிய விளையாட்டும் அதே கணக்கில்தான் ஏறுகிறது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாடே வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது வரம்பைச் சில மாதங்கள் தூக்கி வைத்தார்கள், நெட்வொர்க் ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை.

அப்லோடும் இந்த வரம்பில் சேரும். புது மடிக்கணினி வாங்கி, பத்து வருஷப் போட்டோவை ஒரே மூச்சில் கிளவுடில் ஏற்றுபவர்கள் கவனிக்க. 500 ஜிபியை 10 எம்பிபிஎஸ்ஸில் ஏற்ற நான்கரை நாளுக்கு மேல் ஆகும், வீட்டில் ஒரு வீடியோ காலும் ஒழுங்காகப் போகாது, வரம்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போயிருக்கும். மூன்று மாதமாகப் பிரித்து ஏற்றுங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வரும் ஆறு மாதம்

காலையில் பக்திப் பாட்டில் தொடங்கி இரவு கடைசி சீரியல் வரை டிவி ஓடும். தவறில்லை, அவர்களுக்கு இங்கே வேறு என்ன பொழுதுபோக்கு, பக்கத்து வீட்டுக்காரர் முகம்கூடத் தெரியாத ஊர். ஆனால் இது ஆன்டெனாவில் வரும் டிவி இல்லை. எச்டி ஸ்ட்ரீம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை எடுக்கும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம், 30 நாள் என்றால் 1,080 ஜிபி. 1.2 டிபியில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மிச்சம் 120. 4கே என்றால் மணிக்கு 7 ஜிபி, கணக்கே வேண்டாம்.

இதில் பெரியவர்கள் செய்யும் ஒரு காரியம் உண்டு. ரிமோட்டில் டிவியை அணைத்துவிடுவார்கள், பின்னால் செருகியிருக்கும் ஸ்ட்ரீமிங் குச்சி அணையாது. சேனல் ராத்திரி முழுக்க யாருமில்லாத கூடத்துக்குப் படம் அனுப்பிக்கொண்டிருக்கும். டிவி அணைந்தால் குச்சியும் தூங்கும்படி அமைப்பை மாற்றுங்கள். அந்த 14 அங்குல, 32 அங்குலத் திரைக்கு 4கே-யும் வேண்டாம், ஆப்பிலேயே தரத்தைக் குறைத்து வைத்தால் கண்ணாடி போட்ட கண்ணுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. அவர்களிடம் "டேட்டா தீருது, டிவியைக் குறைங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த நாளே திரும்பிப் போக டிக்கெட் கேட்பார்கள்.

இருபத்துநாலு மணி நேரமும் கிளவுடில் பதியும் கேமரா

2 எம்பிபிஎஸ் கேமரா ஒன்று, நிற்காமல் பதிந்தால், மாதம் 648 ஜிபி. இரண்டு மாட்டினால் 1.2 டிபி காலி. அசைவு தெரிந்தால் மட்டும் பதியும்படி வையுங்கள், அல்லது வீட்டிலேயே கார்டில் பதியுங்கள்.

வாடகையை மிச்சம் பிடிக்கப் பழைய மோடம் வாங்குவது

மாதாமாதம் வாடகை கொடுப்பதைவிடச் சொந்த மோடம் நல்லதுதான், நானே அப்படித்தான். ஆனால் மேலே சொன்ன 42 மெகாஹெர்ட்ஸ் எல்லையை இப்போது பல பகுதிகளில் 85-க்கோ 204-க்கோ நகர்த்தி வருகிறார்கள், அங்கெல்லாம் அப்லோடு 100, 200 என்று கிடைக்கிறது. உங்கள் மோடத்துக்கு அந்த அலைவரிசையில் பேசத் தெரியாவிட்டால் தெருவே முன்னேறினாலும் நீங்கள் பழைய அப்லோடிலேயே கிடப்பீர்கள். டாக்சிஸ் 3.1 (அந்தத் தொழில்நுட்பத்தின் பதிப்பு எண்) என்று அட்டையில் போட்டிருந்தால் மட்டும் போதாது, உங்கள் நிறுவனத்தின் அங்கீகரித்த மோடம் பட்டியலில் அதிக அப்லோடுக்கு ஏற்றது என்று குறித்திருக்கிறதா பார்த்துவிட்டு வாங்குங்கள். அதற்கு முந்தைய 3.0 மோடம் யாராவது கராஜ் சேலில் பத்து டாலருக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். மோடத்துக்குள் வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு 3.1-இல்தான் கட்டாயம்.

லேபிளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது

2024 ஏப்ரலிலிருந்து பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு பிளானுக்கும் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி சொன்ன வடிவத்தில் ஒரு லேபிள் காட்டியாக வேண்டும். வழக்கமான அப்லோடு, தாமதம், எவ்வளவு டேட்டா, தாண்டினால் என்ன கட்டணம், சலுகை முடிந்த பின் விலை, எல்லாம் அதில் இருக்கும். கீழேயிருந்து மேலாகப் படியுங்கள். அதே 2024-இல் எஃப்சிசி பிராட்பேண்ட் என்பதற்கான அளவுகோலை 25-க்கு 3 (டவுன்லோடு 25, அப்லோடு 3 எம்பிபிஎஸ்) என்பதிலிருந்து 100-க்கு 20 என்று உயர்த்தியது. லேபிளில் அப்லோடு 20-க்குக் கீழே இருந்தால் அது என்ன இணைப்பு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பழைய பிளானிலேயே படுத்திருப்பது

காம்காஸ்ட் 2025 ஜூனில் அறிவித்த புதுப் பிளான்களில் மாத வரம்பு இல்லை. பழைய பிளானில் இருப்பவர்களைத் தானாக மாற்றிவிட மாட்டார்கள். வரம்பு நீக்க மாதம் 30 டாலர் தனியாகக் கட்டிக்கொண்டிருந்தால் இன்றைக்கே போன் போடுங்கள்.

தெருவில் ஃபைபர் வந்த பிறகும் கேபிளில் இருப்பது

இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத் தூரத்தில் சட்டனூகா. அந்த ஊரின் மின்வாரியம் 2010-லேயே வீட்டுக்கு வீடு ஃபைபரில், அதாவது கண்ணாடி இழையில், ஜிகாபிட் கொடுத்தது, ஏறவும் இறங்கவும் ஒரே வேகம், மாத வரம்பு கிடையாது. நம் பக்கத்திலும் பல தெருக்களில் ஃபைபர் வந்துவிட்டது. "முகவரியைப் போட்டுப் பார்த்தோம், போன வருஷம் இல்லையே" என்பார்கள். இந்த மாதம் போட்டுப் பாருங்கள். வந்திருந்தால் 300-க்கு 300 போதும்.