முழங்கால் மாற்று அறுவை: மடக்குவதற்கு முன் நீட்டுங்கள்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டவர்கள் மருத்துவரிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கால் எவ்வளவு மடங்கும்? அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கால் முழுதாக நீளுமா? படியேறவும் நாற்காலியிலிருந்து எழவும் ஏறத்தாழ 90 முதல் 110 டிகிரி வரை மடங்கினால் போதும். ஆனால், முழுதாக நீளாமல் 10 டிகிரி வளைந்தே நின்றுவிட்ட கால் ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசையை வேலை வாங்கிக்கொண்டே இருக்கும். சிறிது தூரம் நடப்பதற்குள் களைப்பு வரும், நொண்டலும் நீங்காது. அறுவைக்குப் பிந்திய ஆறு வாரங்களை எப்படிக் கழிக்க வேண்டும் என்பதில் பாதி இந்த ஒரு செய்தியில் அடங்கிவிடுகிறது.

'மாற்று' என்ற சொல்லைக் கேட்டுப் பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் மூட்டு முழுவதையும் வெட்டி எடுப்பதில்லை. தேய்ந்த குருத்தெலும்பையும் அதன் அடியிலுள்ள எலும்பில் ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிமீட்டர் அளவையும் சீவிவிட்டு, தொடை எலும்பின் முனைக்கு ஓர் உலோக உறையும் கீழ்க்கால் எலும்பின் தலைக்கு ஓர் உலோகத் தட்டும் பொருத்தி, இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் என்னும் உறுதியான பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைக்கிறார்கள். சொத்தைப் பல்லைச் செதுக்கி உறை போடுவதோடு இதை ஒப்பிடலாம். தொடை எலும்பு உறை பெரும்பாலும் கோபால்ட்–குரோமியம் கலவையாகவும் கீழ்த்தட்டு பெரும்பாலும் டைட்டானியமாகவும் இருக்கும். இவற்றை எலும்போடு பிணைக்க எலும்புச் சிமெண்ட் பயன்படுகிறது. பக்கவாட்டுத் தசைநார்கள் அப்படியே விடப்படுகின்றன. முழங்கால் சில்லின் பின்புறத்துக்கும் உறை போடுவதா வேண்டாமா என்பதை மருத்துவர் அதன் தேய்மானத்தைப் பார்த்து முடிவு செய்வார். அறுவைக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். தேய்மானம் மூட்டின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றும் பகுதி மாற்று அறுவை பொருந்துமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இது அவசர அறுவை அன்று. எக்ஸ்ரே படத்தில் தேய்மானம் தெரிகிறது என்பது மட்டுமே காரணமாகிவிடாது. மாத்திரை, உடற்பயிற்சி, எடைக் குறைப்பு ஆகியவற்றை முறையாக முயன்ற பின்னும் வலி தூக்கத்தைக் கெடுக்கிறதா, நடக்கும் தூரம் குறைந்துகொண்டே வருகிறதா என்பவைதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் நிறைவடைகிறார்கள்; எனினும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முழு நிறைவு கிடைப்பதில்லை. இதைச் சொல்லாமல் நம்பிக்கை மட்டும் ஊட்டுவது நோயாளிக்குச் செய்யும் உதவி ஆகாது. மிகக் கடுமையான தேய்மானம் உள்ளவர்களுக்கே பயன் தெளிவாகத் தெரிகிறது. லேசான தேய்மானத்துக்கு அவசரப்பட்டு அறுவை செய்துகொண்டவர்கள் ஏமாற்றமடையும் வாய்ப்பு அதிகம்.

நாள் குறித்ததும் ஆயத்தம் தொடங்கிவிட வேண்டும். செயற்கை மூட்டில் கிருமி புகுவதே மிகவும் அஞ்சத்தக்க சிக்கல். நூறு பேரில் ஒருவர் அளவுக்கே அது நேர்கிறது என்றாலும், நேர்ந்துவிட்டால் மீண்டும் அறுவை, சில வேளைகளில் பொருத்தியதையே கழற்றுவது என்று நீண்டுவிடும். ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். புகைப்பவர்கள் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். சொத்தைப் பல், கால் விரலிடுக்குப் புண், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றை முன்கூட்டியே குணப்படுத்திக்கொள்ள வேண்டும். முழங்காலுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதன் பின் மூன்று மாத இடைவெளியாவது தேவை. ஊசி போட்ட தேதியை மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து, சர்க்கரை மருந்து, மூட்டுவாத மருந்து, நாட்டு மருந்து என எதை எடுத்துக்கொண்டாலும் பட்டியலாக எழுதிக் கொடுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்பதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

தொடைத் தசைப் பயிற்சியையும் அறுவைக்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. வலியுள்ள காலைப் பல ஆண்டுகளாகக் காத்துக்காத்து நடந்ததில் அந்தத் தசை ஏற்கெனவே மெலிந்திருக்கும். அறுவை அதை மேலும் சோர வைக்கும். வீட்டில் தடுக்கிவிடும் விரிப்புகளை அகற்றுவது, கழிப்பறையில் கைப்பிடி பொருத்துவது, இருக்கையின் உயரத்தைக் கூட்டுவது, கைவைத்த உயரமான நாற்காலி ஒன்றைத் தயாராக வைப்பது ஆகியவற்றை மருத்துவமனைக்குப் போகும் முன்பே செய்துவிடுங்கள்.

அறுவை நாளன்று பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். அதோடு தொடைப் பகுதி நரம்பைச் சுற்றியும் மூட்டைச் சுற்றியும் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவதும் உண்டு. அதனால்தான் அன்று மாலையோ மறுநாள் காலையோ வாக்கரைப் பிடித்து நிற்கவைக்கும்போது பலர் "இவ்வளவுதானா?" என்று வியக்கிறார்கள். அந்த வியப்பை நம்பி ஏமாறக் கூடாது. மருந்தின் ஆற்றல் தேய்ந்த பிறகு, இரண்டாம் மூன்றாம் நாள்களில்தான் உண்மையான வலி தலைகாட்டும். அறுவையில் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று அப்போது அஞ்ச வேண்டியதில்லை. மருத்துவமனையில் ஒன்று முதல் மூன்று நாள்கள் தங்க நேரலாம். உடல்நிலையைப் பொறுத்து இது கூடும்.

வீடு திரும்பிய முதல் இரண்டு வாரங்களே கடினமானவை. வலி தாங்க முடியாமல் போன பிறகு மாத்திரை விழுங்குவதைவிட, குறித்த நேரத்தில் தவறாமல் எடுத்துக்கொள்வதே பயன் தரும். பயிற்சிக்கு அரை மணி அல்லது ஒரு மணி நேரத்துக்கு முன்பு ஒரு வேளை அமைவதுபோல் நேரத்தை வகுத்துக்கொள்ளலாம். ஓபியாய்டு எனப்படும் வீரியமான வலி மாத்திரைகள் மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால் அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். கால் வீங்கும், கருநீலம் தொடையிலிருந்து கணுக்கால் வரை இறங்கும், பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும் அது தோலுக்கடியில் கசிந்த ரத்தம்தான். துணி சுற்றிய ஐஸ் ஒத்தடத்தை ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் வரை கொடுத்து, இதயத்தைவிட உயரமாகக் காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் வீக்கம் வடியும்.

இங்கேதான் பலர் ஒரு பிழை செய்கிறார்கள். இதமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கிறார்கள். அந்த இதத்தின் விலை, நீளாத கால். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் நின்று தன் எடையாலேயே கீழே அழுந்தட்டும். ஐந்து நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். அந்த நிலையிலேயே தொடைத் தசையை இறுக்கி, முழங்காலின் பின்புறத்தைப் படுக்கையை நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணும் வரை பிடித்துவிடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்குப் பல தடவை. கால் நீள்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ள எளிய வழி இருக்கிறது: தலையணையை எடுத்துவிட்டுச் சமதளத்தில் படுத்து, முழங்காலுக்கும் படுக்கைக்கும் இடையே கையை நுழைத்துப் பாருங்கள். அந்த இடைவெளி வாரத்துக்கு வாரம் குறைய வேண்டும். மடக்கும் பயிற்சிக்குப் படுத்தவாறே குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுப்பதும், நாற்காலியில் அமர்ந்து பாதத்தை நாற்காலிக்கு அடியில் நகர்த்துவதும் போதும். கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருப்பது ரத்தம் உறைவதைத் தடுக்க உதவும். ரத்த உறைவுக்கு எதிரான மருந்தையும் சொன்ன நாள் வரை நிறுத்தக் கூடாது.

படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

தையலையோ உலோகப் பின்களையோ 10 முதல் 14 நாள்களுக்குள் எடுத்துவிடுவார்கள். இரண்டு மூன்று வாரங்களில் வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறலாம். தடியை அறுவை செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும், பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இரண்டாம் வாரத்தையொட்டி 90 டிகிரியும், ஆறாம் வாரத்தையொட்டி 110 டிகிரி அளவிலும் மடங்குவது நல்ல அறிகுறி. அறுவைக்கு முன்பே மடங்காத காலாக இருந்தால் இவ்வளவு எதிர்பார்க்க முடியாது. இந்த வாரங்களில் முன்னேற்றம் நேர்கோட்டில் செல்லாது. ஒரு நாள் சற்று அதிகமாக நடந்தால் மறுநாள் வீக்கம் கூடும், அப்போது பயிற்சியை விட்டுவிடாமல் அளவை மட்டும் குறைத்தால் போதும். இரவுத் தூக்கம் கெடுவதும் மனம் சோர்வதும் வலியைப் போலவே இயல்பாக வருபவை. கார் ஓட்டுவதற்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் காத்திருக்க வேண்டும். மயக்கம் தரும் வலி மாத்திரையை எடுத்துக்கொண்டிருக்கும் வரை ஓட்டவே கூடாது. ஆறு வாரம் கடந்தும் கால் 90 டிகிரியைத் தொடவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்: மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிடும் சிகிச்சை முதல் மூன்று மாதங்களுக்குள் செய்தால்தான் நன்கு பலன் தரும்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. கெண்டைக்காலில் புதிதாக வலியும் இறுக்கமும் தோன்றி வீக்கம் ஏறுவது ரத்த உறைவாக இருக்கலாம்; அன்றே மருத்துவரைப் பாருங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் அந்த உறைவு நுரையீரலுக்குச் சென்றிருக்கக்கூடும் என்பதால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். முதல் சில நாள்களின் லேசான சூடு இயல்பு. நாள்கள் கடந்தும் குளிர்காய்ச்சல் வருவதோ, காயத்திலிருந்து நீரோ சீழோ கசிவதோ, குறைந்துவந்த வலி மீண்டும் ஏறுவதோ இயல்பன்று. அப்போது வீட்டிலிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை விழுங்காமல் அறுவை செய்த மருத்துவரிடமே செல்லுங்கள்; மாத்திரை கிருமியை மறைத்துப் பரிசோதனையைக் குழப்பிவிடும்.

மூன்று மாதத்தில் பெரும்பாலான வேலைகளைச் செய்ய முடியும் என்றாலும், மூட்டு முழுமையாக அமைதியடைய ஓராண்டு ஆகும். அதுவரை மாலையில் சிறிது வீக்கமும் தொட்டால் வெப்பமும் இருக்கலாம். தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பது அங்கே ஓடும் சிறு தோல் நரம்பு அறுபடுவதால் வருவது. பரப்பளவு சுருங்கும், முழுதாக நீங்காமலும் போகலாம். நடக்கும்போது 'டக்' என்று கேட்பது உலோகமும் பாலிஎத்திலீனும் தொடும் ஓசை. மண்டியிடுவதால் மூட்டு கெட்டுவிடாது, ஆனால் பலருக்கு அது இறுதிவரை சுகப்படுவதில்லை. நடை, நீச்சல், மிதிவண்டி ஆகியவை ஏற்றவை. ஓட்டமும் குதிக்கும் விளையாட்டுகளும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

பொருத்திய மூட்டுகளில் பத்தில் எட்டு ஏறத்தாழ 25 ஆண்டுகள் நிலைக்கின்றன. அவ்வளவு காலத்தில் பாலிஎத்திலீன் தேய்வதோ உலோகம் எலும்பிலிருந்து தளர்வதோ வலியாக வெளிப்படுவதற்கு முன்பே எக்ஸ்ரே படத்தில் தெரிந்துவிடக்கூடும் என்பதால், வலியே இல்லாத ஆண்டுகளிலும் மருத்துவர் குறித்த மறுபரிசோதனைக்குச் சென்று வாருங்கள். அறுவையின்போது எந்த நிறுவனத்தின் எந்த அளவுப் பாகங்களைப் பொருத்தினார்கள் என்ற குறிப்பையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், மறு அறுவை தேவைப்பட்டால் மருத்துவர் முதலில் தேடுவது அதைத்தான்.